டார்ச்சுக்கு என்றுதான் கேட்டான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் இ-சிகரெட் பறிமுதல் என்று ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. மேஜை மேல் பெட்டிகளை வரிசையாக அடுக்கிவைத்து, பின்னால் நாலைந்து பேர் நிற்கிற படம். இதே மாதிரிப் படத்தை ஆறேழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பெட்டிகளின் நிறம்தான் மாறுகிறது. செய்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வடசென்னைப் பக்கத்துப் பையன்கள் அதை வாங்கி ஊதுவதோடு நிற்கவில்லை. பிரிக்கிறார்கள், கட்டுகிறார்கள், காயில் என்கிற சூடாகும் கம்பிச் சுருளைச் சுற்றுகிறார்கள், உள்ளே இருக்கிற பேட்டரி செல்லை மாற்றுகிறார்கள், ஒருவனுக்குத் தெரிந்த நுணுக்கத்தை டீக்கடையில் வைத்து இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதைப் பற்றி எழுத எனக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருக்கிறது, போகப்போகச் சொல்கிறேன். கடிதம் நீளம்தான். வெட்டுவதானால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், செல் பற்றிய இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் எட்டடிக்குப் பத்தடி. 1986-இல் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு ஆரம்பித்தது, டேப் ரிக்கார்டர், டிவி, எமர்ஜென்சி லைட், யுபிஎஸ் என்று காலம் எதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்ததோ அதையெல்லாம் திறந்து பார்த்தாயிற்று. இப்போது பிழைப்பு லித்தியத்தில் ஓடுகிறது. லேப்டாப் பேட்டரி, டெலிவரி பையன்களின் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி, காசிமேட்டிலிருந்து வருகிற தலை விளக்குகள். பல செல்லைச் சேர்த்துக் கட்டின பழைய பேட்டரி பேக்கைப் பிரித்து, செத்த செல்லை எடுத்துவிட்டு, நல்ல செல்லாகப் பார்த்துப் போட்டு, நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் அடித்துக் கொடுப்பேன். மிச்சமாகும் செல்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அந்த டப்பாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேப் என்று பையன்கள் சொல்கிற இந்த இ-சிகரெட்டை நான் முதலில் பார்த்ததே ரிப்பேருக்கு வந்தபோதுதான். ஒரு காலேஜ் பையன், ஒரு சாண் கூட இல்லாத பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்து “அண்ணா, இதுக்கு சார்ஜ் போடற ஓட்டையே இல்ல, வெளியே ஒரு ஒயர் இழுத்துக் குடுங்க” என்றான். தீர்ந்தால் தூக்கிப்போடு என்று விற்கிற ரகம் அது. திறந்து பார்த்தேன். ஒரு குட்டி லித்தியம் செல், பஞ்சுக்குள் ஒரு காயில், அப்புறம் பழைய டேப் ரிக்கார்டர் மைக் மாதிரியே ஒரு பொட்டு சைஸ் சென்சார். வாயில் வைத்து இழுத்தால் காற்றழுத்தம் குறைவதை அது உணர்ந்து சுவிட்ச் போடும், காயில் சூடாகும், பஞ்சில் ஊறிய திரவம், ஜூஸ் என்பார்கள், ஆவியாகும். அவ்வளவுதான் அதன் ரகசியம். எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே வந்தது என்றால், அந்தச் செல் நல்ல செல். நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம். லண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் இருக்கிற பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2023-இல் இதையே சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள், 2025 ஜூன் 1-லிருந்து தூக்கிப்போடும் ரகத்தை அந்த நாட்டில் விற்கவே கூடாது என்று நிறுத்தியும் விட்டார்கள். நான் வேலையைச் செய்யமாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். பையன் சிரித்துக்கொண்டே போனான். நாலு நாள் கழித்து அவனே செய்துகொண்டு வந்து காட்டினான், சால்டரிங் கூட மோசமில்லை.

அவன் போட்டிருந்தது டிபி 4056 என்கிற சார்ஜர் போர்டு. தபால் தலை சைஸில் இருக்கும், சல்லிசாகக் கிடைக்கும், நானும் டப்பா டப்பாவாக வாங்குகிறேன். அந்த போர்டு கடையிலிருந்து வரும்போது 1 ஆம்பியர் தள்ளுகிற மாதிரி ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, வைத்து வரும், 1.2 கிலோ ஓம். குட்டிச் செல்லுக்கு 1 ஆம்பியர் என்பது, பால் குடிக்கிற குழந்தைக்குச் சங்கு இருக்கிற இடத்தில் சொம்பைச் சாய்க்கிற மாதிரி. அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டுப் பெரிய மதிப்பில் ஒன்று போட்டால்தான் கரண்ட் குறையும். இதை அவனிடம் கேட்டேன், “அப்படியா, யாருமே சொல்லலியே” என்றான். ஒயரை எங்கே ஒட்டுவது என்பது வரைக்கும் அவனுக்கு ஒருவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அதற்கு மேல் தெரியாதவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

இன்னொரு கூட்டம் உண்டு, இவர்கள் கொஞ்சம் வயசானவர்கள், இருபத்தைந்து முப்பது இருக்கும், சம்பளக்காரர்கள். இவர்களுக்கு வேப் ஒரு பொழுதுபோக்கு. சிலர் புறா வளர்க்கிறார்கள், சிலர் கேரம் போர்டே கதியென்று கிடக்கிறார்கள், இவர்கள் காயில் சுற்றுகிறார்கள். உண்மையைச் சொன்னால் இவர்கள் பேச்சைக் கேட்க எனக்குப் பிடிக்கும். காந்தல் கம்பியா நைக்ரோமா என்று அரைமணி நேரம் வாதம் செய்வார்கள். நைக்ரோம் எனக்குத் தெரிந்த சமாசாரம், அந்தக் காலத்து கரண்ட் அடுப்புச் சுருளும், என் சால்டரிங் அயர்னுக்குள் இருக்கிற சுற்றும் அதுதான், நிக்கலும் குரோமியமும். காந்தல் இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்தது, சுவீடன் நாட்டுச் சரக்கு. 3 மில்லிமீட்டர் டிரில் பிட் மேல் கம்பியை ஒட்டி ஒட்டி ஆறு சுற்று, ஏழு சுற்று சுற்றுவார்கள், விட்டு விட்டுக் கரண்ட் கொடுத்துப் பார்த்து ஓரத்தில் முதலில் சிவந்தால் இடுக்கியால் அமுக்கிச் சரிசெய்வார்கள், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டுமாம். அப்புறம் பஞ்சு. இறுக்கி அடைத்தால் ஜூஸ் ஏறாது, தளர விட்டால் ஒழுகும். வீட்டில் விளக்குக்குத் திரி திரிக்கிற அம்மாக்களுக்கு இது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

பஞ்சு காய்ந்துபோன நிலையில் ஒரு இழுப்பு இழுத்தால் தொண்டையில் கத்தி வைத்த மாதிரி இருக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் “கருகின வாடை” என்பதோடு சரி. ஜூஸில் பாதிக்கு மேல் கிளிசரின். கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் அக்ரோலின் என்கிற வாயு வரும், வாணலியில் எண்ணெய் புகைந்து கண்ணைக் கரிக்கும் பாருங்கள், அந்த நெடியில் இருப்பதும் அதுதான். அடுப்படியில் அந்தப் புகை வந்தால் ஜன்னலைத் திறக்கிறோம். இங்கே உள்ளே இழுக்கிறார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பையன்களில் பாதிப் பேர் “விக்கிறதுதான் தப்பு, நாமளே செஞ்சிக்கிட்டா தப்பில்ல” என்று நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2018 செப்டம்பரிலேயே தடை வந்துவிட்டது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டு, அந்த டிசம்பரிலேயே முழுச் சட்டமாக்கியது. அதில் உற்பத்தி என்பதற்கு இ-சிகரெட்டை, அதன் எந்த ஒரு பாகத்தையும், செய்வதும் கோத்துப் பூட்டுவதும் அடக்கம். நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். முதல் தடவைக்கு ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும், மறுபடி மாட்டினால் மூன்று வருஷம் வரை, ஐந்து லட்சம் வரை. சரக்கைச் சேர்த்து வைத்திருந்தால் ஆறு மாதம் வரை, ஐம்பதாயிரம் வரை. ஊதுகிறவனுக்கென்று தனியாகத் தண்டனை அதில் இல்லை, ஆனால் நண்பனுக்கு ஒரு காயில் சுற்றிக் கொடுக்கிறவன் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளன். தண்டையார்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவரிடம், பித்தளையில் இருபது மில்லி உள் விட்டத்தில் ஒரு குழாய் கடைந்து, ஒரு பக்கம் மரை போட்டுத் தரச் சொல்லி ஒருவன் வந்திருக்கிறான். பூஜை சாமானுக்கு என்று நினைத்துக் கடைந்து கொடுத்துவிட்டார். என்னிடம் வந்து படத்தைக் காட்டினபோதுதான் அது செல் போடுகிற வேப்பின் கூடு என்று அவருக்குத் தெரிந்தது. மனிதர் இரண்டு நாள் தூங்கவில்லை.

தடை சரியா தப்பா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. பெட்டிக்கடையில் பீடியும் சிகரெட்டும் தொங்குகிறபோது இது மட்டும் ஏன் என்று அவர்கள் கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிரிட்டனில் சிகரெட்டை விடமுடியாத பெரியவர்களுக்கு அரசே 2023-லிருந்து இதைக் கொடுத்துப் பார்த்தது என்பதும் தெரியும். ஆனால் என் கடைக்கு வருகிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் இதற்கு முன்னால் சிகரெட்டைத் தொட்டதே இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். என் அப்பா மில்லுக்குப் போய்வந்த காலத்தில் பீடி பிடித்தார், ராத்திரி முழுக்க இருமுவார், அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கிப் பழகினோம். புகை விஷயத்தில் எனக்கு எந்தப் பக்கமும் பாசம் கிடையாது.

இப்போது என் விஷயம்.

என் அக்கா பையன், இருபத்திரண்டு வயது, ராயபுரத்தில் ஒரு பார்சல் குடோனில் வேலை. போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்து “மாமா, டார்ச்சுக்கு ரெண்டு செல் குடு” என்றான். ராத்திரியில் நண்பர்களோடு கடற்கரைப் பாறை மேல் தூண்டில் போடப் போவான், அதனால் டார்ச் என்றதும் நான் வேறு எதுவும் நினைக்கவில்லை. பிஸ்கட் டப்பாவிலிருந்து இரண்டு செல் எடுத்தேன். லேப்டாப்பிலிருந்து கழற்றினது. ஒன்றில் தலைப்பக்கம் மேலுறையான பிளாஸ்டிக் ஸ்லீவ் ஒரு நகக்கண் அளவு கிழிந்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு ஒரு துண்டு டேப் ஒட்டிக் கொடுத்தேன். நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவன், மற்றவர்களுக்கு அதைக் குப்பையில் போடு என்று சொல்லியிருப்பேன்.

அவன் கேட்டது வேப்புக்கு. ஒரு செல்லை உள்ளே போட்டுக்கொண்டு, இன்னொன்றை, நான் டேப் ஒட்டிக் கொடுத்ததை, பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அதே பாக்கெட்டில் வண்டிச் சாவி, சில்லறை. மூலக்கொத்தளம் பக்கம் சிக்னலில் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது தொடையில் சுரீர் என்றிருக்கிறது, பட்டாசு மாதிரி சீறிக்கொண்டு புகை, நெருப்பு. பதறிப்போய்க் கையை விட்டு வெளியே எடுக்கப் பார்த்ததில் மூன்று விரலும் போயிற்று, போயிற்று என்றால் தோல். அங்கே நின்ற யாரோ ஒரு நல்லவர் டூத்பேஸ்ட் வாங்கிவந்து தடவியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக அதைக் கழுவித்தான் எடுத்தார்கள், அவன் கத்தின கத்தல் வராண்டா வரை கேட்டது. இன்னொரு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். விரல்கள் இப்போது மடங்குகின்றன, முழுசாக இல்லை.

என்ன வெடித்தது என்று கேட்டபோது எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் ஒரே குரலில் செல்போன் பேட்டரி என்று சொன்னோம். நானும்தான் சொன்னேன். கேஸாகிவிடும் என்ற பயம். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2015-லிருந்து 2017 வரை மூன்று வருஷத்தில் வேப் வெடித்தும் தீப்பிடித்தும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தொடைக் காயம்தான் நிறைய. 2018-இல் ஃப்ளோரிடாவிலும், 2019 ஜனவரியில் டெக்சாசிலும் ஆள் ஒருவர் ஒருவராகச் செத்தே போனார்கள், சிதறின துண்டு பாய்ந்து. அங்கே கணக்கு இருக்கிறது. இங்கே எங்களை மாதிரி எத்தனை வீட்டில் செல்போன் பேட்டரி என்று சொன்னார்களோ.

சரி, அந்தச் செல் ஏன் அப்படிச் செய்தது? இதைத்தான் பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. ருசி பற்றிப் பேசுவார்கள், புகையின் கனம் பற்றிப் பேசுவார்கள், செல் என்றால் ‘ஃபுல் சார்ஜ் இருக்கா’ என்பதோடு முடிந்துவிடும். 18650 என்று அந்தச் செல்லுக்குப் பெயர், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். எல்லாரும் மேல் நுனி பிளஸ், அடிப்பக்கம் மைனஸ் என்று நினைக்கிறார்கள். அடி மட்டுமல்ல, சுற்றியிருக்கிற இரும்புக் கூடு முழுக்க மைனஸ், மேலே தோள்பட்டை வரைக்கும் மைனஸ்தான். நுனிப் பொட்டுக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிதான் இடைவெளி, அதைக் காப்பாற்றுவது ஒரு காகித வளையமும் மேலே போர்த்திய ஸ்லீவும். ஸ்லீவ் கிழிந்த இடத்தில் ஒரு சாவி சாய்ந்தால் போதும், பிளஸ்ஸும் மைனஸும் நேராக முட்டிக்கொள்ளும், ஷார்ட். டேப் எல்லாம் உடம்புச் சூட்டில் நகர்ந்துவிடும். ஷார்ட் ஆனால் செல் ஒரு சில விநாடியில் தன்னிடம் இருக்கிற அத்தனையையும் கக்கப் பார்க்கும், உள்ளே சூடு ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பும், அப்புறம் நிறுத்த வழியே இல்லை. தலைப்பக்கம் காற்று வெளியேற ஓட்டைகள் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். பித்தளைக் குழாய்க்குள் காற்றுப்போக வழியில்லாமல் அடைத்து வைத்தால் அது வேப் இல்லை, நாட்டு வெடி. நண்பர் கடைந்து கொடுத்த குழாயில் ஒரு ஓட்டை கூட இல்லை, படத்தில் பார்த்தேன்.

அடுத்தது ஓம்ஸ் கணக்கு, அதாவது காயிலின் மின்தடை, அது குறையக் குறையக் கரண்ட் கூடும். முழுசாகச் சார்ஜ் ஏறின செல் 4.2 வோல்ட். காயில் 1.2 ஓம் என்றால் 3.5 ஆம்பியர் இழுக்கும், லேப்டாப் செல் தாங்கும். புகை குண்டாக வரவேண்டும் என்று 0.2 ஓமுக்கு இறக்கினால் 21 ஆம்பியர். 88 வாட். என் சால்டரிங் அயர்ன் 25 வாட், ஈயத்தையே உருக்குகிறது. லேப்டாப்பில் இருந்து வந்த செல் சாதாரணமாக ஐந்து ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து கேட்கக் கூடாத ஜாதி. கார் இழுக்க வேண்டிய பாரத்தைச் சைக்கிளில் கட்டினால் சைக்கிள் என்ன செய்யும்? இதில் இன்னொரு வேடிக்கை, இவர்கள் காயிலை அளப்பது சாதாரண மல்டிமீட்டரில். அதன் இரண்டு முள்ளையும் ஒன்றோடு ஒன்று முட்டவைத்தாலே 0.3 காட்டும், ஒயரின் தடையே அவ்வளவு இருக்கும். அதில் 0.2-ஐயும் 0.1-ஐயும் எப்படிப் பிரித்துப் பார்ப்பாய் என்று கேட்டால் “தோராயமா” என்கிறார்கள். தோராயத்துக்கு இங்கே விலை பத்து ஆம்பியர், இருபது ஆம்பியர்.

செல்லின் மேல் 9900 என்று கொள்ளளவு அச்சடித்து விற்பதை நம்பி வாங்குகிறவர்கள் நிறைய. இந்த சைஸ் செல்லில் நல்ல கம்பெனிச் சரக்கே 3500 சுற்றித்தான் இருக்கும். பெரிய எண் போட்டிருந்தால் உள்ளே பழைய செல்லோ மட்டமான செல்லோ, மேலே புதுச் சட்டை. தராசில் வையுங்கள், நல்ல செல் நாற்பத்தைந்து கிராம் பக்கம் நிற்கும், இது இளைத்துப் போயிருக்கும். பழைய பேக்கில் இருந்து பிய்த்தெடுக்கிற செல்லுக்கு இன்னொரு வியாதி உண்டு. மாதக்கணக்கில் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லுக்குள் செம்பு கரைந்து இடம் மாறியிருக்கும், அதை எழுப்பிச் சார்ஜ் போட்டால் எழுந்த மாதிரிதான் இருக்கும், உள்ளுக்குள்ளேயே ஒருநாள் ஷார்ட் ஆகும். நிக்கல் பட்டையைப் பிய்க்கும்போது நிற்கும் முள் ஸ்லீவைக் கிழிக்கும். அதன் மேல் நேரடியாக சால்டரிங் அயர்னை வைத்துத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது அக்கா பையனிடம் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் “மாமா, இத்தனையும் உனக்குத் தெரியும்ல, அப்போ ஏன் குடுத்தே?” என்றான். கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்த காலத்தில் அங்கேயும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறார்கள், டார்ச் லைட் கூட்டைப் பிரித்து உள்ளே பெரிய செல்லைப் போட்டு. இப்படிக் கட்டின வேப்புக்கு அங்கே வைத்த மாட் என்ற பெயரே மாற்றிக் கட்டினது என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே கடை என்று ஒன்று இருந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன், ‘இந்தக் காயிலுக்கு இந்தச் செல் ஆகாது, செல்லைச் சும்மா பாக்கெட்டில் போடாதே, இந்தா நாலணா பிளாஸ்டிக் டப்பா’ என்று சொல்வான். நம் ஊரில் விற்கிறவன் ஒளிந்து விற்கிறான், எங்கே என்று நான் எழுதப்போவதில்லை, பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அந்த நிமிஷமே மறைந்துவிடுவான். ஜூஸில் என்ன கலந்திருக்கிறது என்றும் அவனுக்குத் தெரியாது. அமெரிக்காவில் 2019-லிருந்து 2020 பிப்ரவரிக்குள் கலப்பட ஜூஸால் நுரையீரல் வெந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 2800 பேர், செத்தவர்கள் 68 பேர், பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்ததில் வைட்டமின் ஈ அசிடேட் என்கிற எண்ணெயைச் சேர்த்ததால். கள்ளச் சாராயக் கதைதான், நமக்குப் புதிதா என்ன.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த தடவை அந்த மேஜைப் படத்தைப் போடும்போது பக்கத்திலேயே ஒரு கட்டம் கட்டி செல் பற்றிப் போடுங்கள். வேப் என்ற வார்த்தையே வேண்டாம். பவர் பேங்க், டார்ச், தலை விளக்கு, ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இதே செல்தான் இருக்கிறது, எல்லா வீட்டுக்கும் பொருந்தும். ஸ்லீவ் கிழிந்த செல்லைத் தொடாதே, சில்லறையோடு சாவியோடு போடாதே, உப்பின பேட்டரியை அமுக்கிப் பார்க்காதே, தூங்கும்போது தலைமாட்டில் சார்ஜ் போடாதே. நாலு வரி. பேட்டரிக் கழிவுக்கு 2022-இல் விதி வந்திருக்கிறது, விற்ற கம்பெனியே பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு வழி செய்ய வேண்டும் என்று. எங்கள் தெருவுக்கு இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை, இதுவரை பழைய பேப்பர்காரர்தான் கிலோ கணக்கில் எடுத்துப்போகிறார், அவர் மூட்டையில் ஷார்ட் ஆனால் அவர் கதி என்ன என்று ஒரு நிருபரை அனுப்பிக் கேட்டு எழுதுங்கள்.

பிஸ்கட் டப்பா இப்போது இல்லை. மிச்ச செல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் டேப் சுற்றி, மூடி போட்ட பெட்டியில் போட்டு, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் தனிச் செல் கொடுப்பதில்லை, டார்ச் என்றால் டார்ச்சைக் கொண்டுவா என்கிறேன். உப்பின பேட்டரி, கிழிந்த செல் யாரிடம் இருந்தாலும் கொண்டுவந்து கொடுக்கலாம், எதில் இருந்து எடுத்தது என்று கேட்கமாட்டேன். அந்தக் காயில் சுற்றுகிற கூட்டத்தில் இரண்டு பேர் போன மாதம் வந்தார்கள், செல்லின் உள் தடையை எப்படி அளப்பது என்று கேட்டார்கள். காட்டிக்கொடுத்தேன். இரண்டு பேரிடமும் இருந்த நாலு செல்லில் மூன்று தேறவில்லை, அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஒருவனுடைய சால்டரிங் கையைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டர் பேக் கட்டுகிற வேலைக்கு வருகிறாயா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

கடிதத்தில் என் பெயரைப் போட வேண்டாம். போடாவிட்டாலும் படித்த மாத்திரத்தில் என் அக்காவுக்குத் தெரிந்துவிடும், அவர் வீட்டில் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள். செல் என் கடையிலிருந்து போனது என்று பையன் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நான் நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். தயவுசெய்து அதற்கு முன்னால் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பேட்டரி மெக்கானிக்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.